மூன்று பேர் பார்த்த வேலை

குழந்தையைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர்களைப் பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். குழந்தை இருக்கும் பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், நடை அதன் நடைக்குக் குறுகியிருக்கும், வாசற்படி வந்தால் ஒரு நொடி நின்று, அதை முன்னால் விட்டுவிட்டுத்தான் தாங்கள் தாண்டுவார்கள். நடையைப் பார்த்து உடம்பின் வலியைச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. பிசியோதெரபிஸ்ட். தெருவில் முன்னால் போகிற முன்பின் தெரியாதவரின் முழங்கால் தேய்மானத்தைக்கூட அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால்தான் அன்று சாயங்காலம், கூடத்திலிருந்து படுக்கையறைக்கு நடந்துபோன கணவனைப் பின்னாலிருந்து பார்த்தவள், கையிலிருந்த டீ ஆறிப்போகும் வரை அப்படியே நின்றுவிட்டாள்.

அவனுடைய இடது தோள் இறங்கியிருந்தது. நெடிய மனிதன், குட்டிக் குட்டி அடியாக வைத்துப் போனான். அறை வாசலில் ஒரு நொடி நின்றான். மூடியிருந்த இடது கையை லேசாக முன்னால் நீட்டினான். பிறகுதான் உள்ளே போனான்.

அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

அசதி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர்களின் கையையும் காலையும் தூக்கிப்பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னும் மூன்று பேர். வீடு என்பது போய் அதுவும் ஒரு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது, சம்பளம் மட்டும்தான் இல்லை. கண் இமைக்குள் மணல் கொட்டினது போல எந்நேரமும் ஒரு உறுத்தல். இப்படிக் கிடக்கிற கண்ணுக்கு எதுதான் தெரியாது?

நடந்தது ஊருக்கே தெரியும். பழைய கட்டில் கிரீச்சிடுகிறதென்று புதிதாக ஒன்று வாங்க மரச்சாமான் கடைக்குக் கிளம்பினார்கள், கணவனும் மாமனாரும் நாத்தனாரும். அவளும் போயிருக்க வேண்டியது. இடுப்பெலும்பு மாற்றியிருந்த ஒரு பெரியவரை அன்றுதான் முதல்முதலாக எழுப்பி நிற்கவைக்க வேண்டியிருந்ததால் கிளினிக்கிலேயே தங்கிவிட்டாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற நேரத்தில், அங்கே மூன்று மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தேக்கில் செய்த கனமான ஒரு சாப்பாட்டு மேசை, அதன் அடியில் ஒரு பகலும் ஒரு இரவும் மூவரும் கும்மிருட்டில் கிடந்தார்கள். வெளியே எடுத்தபோது சிராய்ப்பைத் தவிர உடம்பில் வேறு காயம் இல்லை. கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும்.

மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் விடும் குறட்டைக்கு அடுத்த வீட்டு நாய் பதில் குரைக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இப்போது அந்த மனிதர் படுப்பதே இல்லை. கூடத்து நாற்காலியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்வை மட்டும் யாருடைய முகத்துக்கும் வருவதில்லை. மகன் கூடத்துக்கு வந்தால், அவனுக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்தில், காலியாக இருக்கும் இடத்தையே பார்ப்பார். நாத்தனாரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். நூலகத்தில் வேலை, அதற்கென்றே பிறந்தவள் என்று சொல்வார்கள். அவள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். குளிக்கும்போது, சாப்பிடும்போது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும்கூட. கணவனுக்கோ இடது கை மூடிக்கொண்டுவிட்டது, திறக்கவே இல்லை.

"அடி ஒண்ணுதாம்மா. வாங்கினவங்க மூணு பேரு," என்றார் மனநல மருத்துவர். அவரும் தூக்கம் கெட்ட முகத்தோடுதான் இருந்தார். "ஒருத்தருக்குத் தூக்கம் போகும். ஒருத்தருக்குப் பேச்சு நிக்காது. ஒருத்தருக்குக் கை மடங்கிடும். இன்னொருத்தரு ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு வேலைக்குப் போவாரு, பத்து வருஷம் கழிச்சு ஒரு நாள் நடுத்தெருவுல உக்காந்து அழுவாரு. மனசால சொல்ல முடியாததை உடம்பு சொல்லும். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததா. கவிழ்ந்த ஒரே பேருந்தில் இருந்த அண்ணன் தம்பிகளை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணனுக்கு எலும்பு முறியவில்லை, நரம்பு அறவில்லை, ஆனாலும் இரண்டு காலும் எழவில்லை. தம்பி மறு வாரமே பந்து விளையாடப் போய்விட்டான். பெரியவனாகி வேலைக்கெல்லாம் போன பிறகு, திடீரென்று ஒரு நாளிலிருந்து டீசல் வாடை பட்டாலே வாந்தி எடுத்தான். ஆளுக்கு ஒரு விதம். அதனால் மூன்று பேருக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்கத் துணிந்தாள். ஒவ்வொன்றாக அவிழ்த்தால் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளைக் காலையில் படுக்கையைவிட்டு எழுப்பிக்கொண்டிருந்தது.

முதலில் கை. தினமும் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்ததும் வெந்நீரில் அந்தக் கையை ஊறவைப்பாள். மெழுகு ஒத்தடம் கொடுப்பாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒவ்வொரு தசையாக நீவிவிடுவாள். பயத்தில் இறுகிய முஷ்டிகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கியிருக்கும், வியர்வை ஊறி நாற்றமடிக்கும், தோல் வெளுத்து உரியும். இந்தக் கை அப்படி இல்லை. விரல்கள் உள்ளங்கையைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு இடம் விட்டு, எதையோ சுற்றி வளைத்திருந்தன, நசுக்காமலும் நழுவவிடாமலும். அந்த இடைவெளிக்குள் ஈரத் துணியை நுழைத்துத் துடைக்கும்போது உள்ளே ஜில்லென்று இருக்கும், வெந்நீரில் ஊறி எடுத்த பிறகும். துணியில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டிக்கொண்டு வரும். சிமெண்டுப் பொடி. முதல் நாள் வந்தது சரி. துடைத்துத் துடைத்து எடுத்த பிறகும் மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும்.

"வலிக்குதா?" என்று கேட்பாள்.

"எனக்கு வலிக்கல," என்பான் அவன்.

அந்தக் கை அவளுக்கு வேண்டும். கூச்சத்தைவிட்டுச் சொன்னால் அவ்வளவுதான் விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அவன் தூங்கும்போது இடது கையை அவள் பிடரியின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். கனமான கை, கோடையில் எரிச்சலாகக்கூட இருக்கும், தள்ளிவிடுவாள். இப்போது அவன் கட்டிலின் ஓரத்துக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி, அந்தக் கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு படுக்கிறான். கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் யாருக்கோ துணை கொடுப்பது போல. பிடரியில் காற்றுப் படும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு நாள் கிளினிக்கிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது கூடத்தில் நாத்தனார் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நிலா காணாமல் போய், நரி தேடப் போன கதை. எதிரில் யாரும் இல்லை. மாமனார் தன் நாற்காலியில் இருந்தார், ஆனால் கதை அவருக்கு இல்லை. நாத்தனார் தரையைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள், 'ம்' என்று ஒருவர் கொட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

நாத்தனாரை அடுப்படிக்கு இழுத்து வந்து, யாருக்குக் கதை என்று கேட்டாள். நாத்தனாரின் குரல் சல்லடையில் சலித்தது போல உடைந்திருந்தது.

"அங்க ஒரு கொழந்தை இருந்துச்சு அண்ணி."

"எங்க?"

"அடியில. எங்ககூட. இருட்டுல அழுதுச்சு. யாரும்மா நீன்னு கேட்டா அதுக்குப் பதிலே இல்ல. அழுகை மட்டும்தான். அது அழ அழ மேல இருந்த தளம் எறங்குச்சு. சத்தமே இல்லாம, மெதுவா. அண்ணன் கையை நீட்டுனான், அது பிடிச்சுக்கிச்சு. பிடிச்சுக்கிட்டதும் பாதி அழுகை நின்னுச்சு. நான் கதை சொன்னேன், மீதி நின்னுச்சு. ஆனா அது நாங்க யாராவது தூங்குறோமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். தூங்கினா மறுபடியும் அழும். அதனால அப்பா தூங்கவே இல்ல. அதோட கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"கும்மிருட்டுல கண்ணை எப்படிப் பாத்தாரு?"

நாத்தனார் கூடத்தை எட்டிப் பார்த்தாள். கூடத்தில் பேச்சு நின்று நேரமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது போல, விடுவிடுவென்று திரும்பிப் போனாள். நிலாவும் நரியும் மறுபடி தொடங்கின.

தீயணைப்புத் துறையில் விசாரித்தாள். அந்த இடத்தில் குழந்தை எதுவும் கிடைக்கவில்லை, குழந்தையைக் காணோம் என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை. மருத்துவரோ ஆச்சரியப்படவே இல்லை. சாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மனசு துணைக்கு ஒரு ஆளை உண்டாக்கிக்கொள்ளும், மூன்று பேர் ஒரே இருட்டில் கிடந்தால் மூன்று பேருக்கும் ஒரே ஆள் கிடைப்பார் என்றார். அந்தப் பதிலை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெயர் வைத்துவிட்டால் பாதி நோய் போன மாதிரி என்று அவளே நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

மாமனாருக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. "வேணாம்மா. ஒருத்தராவது முழிச்சிருக்கணும்," என்றார். வகுப்பில் ஒரு சூத்திரத்தைச் சொல்வது போல அமைதியாகச் சொன்னார். கன்னம் ஒட்டிப்போய், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, இப்படியே விட்டால் அந்த இருதயம் எத்தனை நாள் தாங்கும்? மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். அவர் கடைசி மிடறில் கசப்பைக் கண்டுகொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அன்றுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். விடைத்தாளில் முதல் வரியிலேயே தப்பு செய்துவிட்ட பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

அன்று அவர் தூங்கினார். குறட்டை விட்டார். அவளுக்கு அந்தக் குறட்டை சங்கீதமாக இருந்தது. நாத்தனார் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள், அவள் பேச்சு கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எங்கோ ஒரு மெல்லிய சத்தம், கொதிக்கத் தொடங்கும் பாத்திரத்தின் முனகல் மாதிரி. அக்கம்பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். படுக்கையறைக்குள்ளிருந்து கணவனின் குரல் வந்தது: "இருக்கேன், இருக்கேன், எங்கயும் போகல."

மறுநாள் காலையில் படுக்கையறைக் கதவு மேலே உரசியது. தச்சரை வரவழைத்தாள். அவர் கதவின் தலைப்பை இழைத்துவிட்டு, எதற்கோ நிலைச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கதவு உப்பலம்மா. சட்டம்தான் எறங்கியிருக்கு. புது வீடுன்னா எறங்கும். இத்தனை வருஷம் கழிச்சா எறங்கும்?"

"மழைக்கு இருக்கும்," என்றாள் அவள்.

"மழையா?" என்று அவர் சன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நாத்தனாரின் தொண்டை கடைசியில் கைவிட்டது. குரல் நாண்கள் வீங்கிப் புண்ணாகிவிட்டன, இனி ஒரு வார்த்தை பேசினாலும் நிரந்தரமாகப் போய்விடும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பேச முயன்றாள். காற்றுத்தான் வந்தது. உதடுகள் மட்டும் நிலா, நரி என்று அசைந்துகொண்டிருந்தன, கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்தது. அவளுக்கும் ஒரு மாத்திரை கொடுத்து, தலையைக் கோதிக்கொடுத்துத் தூங்கவைத்தாள். பாவம், எத்தனை நாள் தூக்கம். படுத்த மாத்திரத்தில் வாயைப் பிளந்து தூங்கிப்போனாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தை அடுத்த அறையில், அன்றும் மாத்திரை கரைத்த பாலைக் குடித்திருந்த மாமனாரின் குறட்டை. வேறு சத்தம் இல்லை. அவள் மெழுகை உருக்கி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கணவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இன்னைக்கு வேணாம்," என்றான்.

"தினமும் இதைத்தான சொல்றீங்க."

"அப்பா தூங்குறாரு. அவளும் பேசல. நான் மட்டும்தான் இருக்கேன்." குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல் சொன்னான். "என்னால முடியல. ரொம்ப அசதியா இருக்கு. ஆனா விடக்கூடாது."

"நான் இருக்கேன்ல?" என்றாள். அவள் குரலும் உடைந்துவிட்டது. "எல்லாத்தையும் நீங்களே பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா? கொஞ்சம் விடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவன் அவளையே பார்த்தான். வெகுதூரம் சுமை தூக்கி வந்தவன் இறக்கிவைக்க ஒரு இடம் கண்டது போலப் பார்த்தான். சரி என்று தலையை ஆட்டினான்.

மெழுகின் சூட்டில் தசைகள் இளகின. சுண்டுவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள், வந்தது. மோதிர விரல் வந்தது. நடுவிரலுக்கு அவள் தன் கட்டைவிரலால் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரல் நடுங்கியது, வேறொன்று அந்தப் பக்கமிருந்து இழுத்துப் பிடிப்பது போல. அவளும் விடவில்லை, எத்தனை கைகளைத் திறந்தவள். கட்டைவிரல் கடைசியாக விலகியது. முழங்காலை உரசிக்கொண்டு ஜில்லென்று ஏதோ போனது, சன்னல் காற்று என்று நினைத்தாள். அவன் தன் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பிறகு கண்கள் செருகிக்கொண்டன. அப்படியே சாய்ந்து, அடுத்த மூச்சில் தூங்கிவிட்டான்.

உள்ளங்கை சுத்தமாக இருந்தது. ரோஜா நிறத்தில், வெதுவெதுப்பாக. பொடி இல்லை, குளிர் இல்லை. அவள் அதை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். சந்தோஷத்தில்தான். ஜெயித்துவிட்டாள். மூன்று முடிச்சும் அவிழ்ந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து, மாமனாரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். எத்தனை நாளாகக் காத்திருந்த அமைதி. யாரும் பேசவில்லை, யாரும் முறைக்கவில்லை. சுவரில் மாலை வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது, தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கண் இமைகள் தாமாகவே இறங்கின. இன்றைக்கு அவளும் தூங்கலாம்.

அழுகை.

மெல்லியது. தூங்கி எழுந்த குழந்தை, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு தொடங்குகிற முதல் அழுகை. இன்னும் உரக்கப் போகவில்லை. யாராவது வருகிறார்களா என்று இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கேட்டது.

படுக்கையறையிலிருந்து.

அவள் எழுந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளை. அவ்வளவுதான். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இப்போதுதான் நன்றாகச் சாத்திய கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மேலே ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. மறுபடி தள்ளினாள். மரம் கிழிகிற சத்தத்தோடு பாதி திறந்தது.

அறை குள்ளமாக இருந்தது.

அவளுக்கு அப்படித்தான் பட்டது. வேறு வார்த்தை வரவில்லை. கதவு திறந்த இடத்தில், அவள் நெஞ்சு உயரத்துக்கு மேல், வெள்ளையடித்த சுவர் நின்றது. சுவர் இல்லை. மேல்தளத்தின் விளிம்பு. குனிந்து பார்த்தாள். மின்விசிறியின் இறக்கைகள் மடங்கி இருந்தன. பீரோ பாதிதான் இருந்தது. மேல் பாதி உடையவில்லை, விழவில்லை, எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு துளி பொடி உதிரவில்லை. ஒரு விரிசல் இல்லை. சன்னலின் அடிப்பாதி வழியே மாலை வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். மல்லாந்து. நிம்மதியாக. திறந்த கை படுக்கையின் மேல்.

"என்னங்க!"

அழுகை உரத்தது. மேல்தளம் இறங்கியது.

சத்தமே இல்லாமல். மெதுவாக.

வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடினாள். மாமனாரை உலுக்கினாள். "மாமா. மாமா. எந்திரிங்க." கன்னத்தில் தட்டினாள். கண்ணிமையை விரலால் தூக்கினாள். வெள்ளைவிழி மட்டும் தெரிந்தது. குறட்டை மாறவில்லை. அவள் கரைத்துக் கொடுத்த பால். நாத்தனாரிடம் ஓடினாள். உலுக்கினாள், உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் இல்லை. அந்தத் தொண்டையில் இனி எதுவும் இல்லை. திரும்பி ஓடினாள்.

தளம் இப்போது அவள் இடுப்பளவு. கணவனின் நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்.

படுத்தாள். வயிற்றால் தவழ்ந்து உள்ளே போனாள். தலைமேல் காரையின் குளிர். கட்டிலுக்கு அடியில் இருட்டு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, அங்கே மட்டும் ராத்திரி. அழுகை அதற்குள்ளிருந்து வந்தது. ஈரச் சிமெண்டு வாடையோடு வந்தது. கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள், தோள்வரை.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பிறகு அவளுடைய இரண்டு விரல்களைச் சுற்றி, ஜில்லென்று, ஒரு சின்னக் கை மூடிக்கொண்டது.

பாதி அழுகை நின்றது.

மேல்தளமும் நின்றது. நின்றது, அவ்வளவுதான். ஏறவில்லை. கணவனின் முகத்துக்கு மேலே நாலு விரல் இடம்தான் மிச்சம். கூப்பிட்டால் அழும். கையை உருவினால் அழும். மீதி அழுகை இருட்டுக்குள் விக்கி விக்கிக் காத்திருந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு ஊர்ல," என்றாள் கிசுகிசுப்பாக. ஒரு கதையும் வரவில்லை. வாழ்நாளில் யாருக்கும் கதை சொன்னதில்லை. "ஒரு ஊர்ல ஒரு பெரியவரு. அவருக்கு எந்திரிச்சு நிக்க முடியாது. ஒருத்தி வந்து, என் தோளைப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னா..."

இருட்டில் யாரோ 'ம்' கொட்டினார்கள்.

அவள் சொன்னாள். பிடித்துக்கொண்டாள். விழித்திருந்தாள். மூன்று பேர் பங்குபோட்டுப் பார்த்த வேலை. மாத்திரையின் வீரியம் விடியும் வரை இருக்கும், தெருவிளக்கோ இப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் மணல். இமை ஒருமுறை விழுந்தது. இருட்டுக்குள் ஒரு விசும்பல் தொடங்கியது. திடுக்கிட்டுத் திறந்தாள். "இருக்கேன். இருக்கேன்." மறுபடி சொன்னாள், பெரியவர், தோள், ஒரு அடி, இன்னொரு அடி. இமை கனத்தது. தூங்கக் கூடாது. தலையைத் திருப்பி, தூங்கிவிடாமல் இருக்க, கணவனையே பார்த்தாள்.

அவனுடைய வாய்க்கு நேர் மேலே, வெள்ளையடித்த தளத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவன் மூச்சு விட விட அது விரிந்தது. இழுக்க இழுக்கச் சுருங்கியது.